டார்க் ரெஞ்சோடு ஆறு வருடம்: பம்ப் பிளாஞ்ச் முதல் பஸ்பார் வரை

முறுக்கு விசை நாம் வைத்த அளவை எட்டியதும் ‘டிக்’ என்று சத்தம் தரும், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் கிளிக் வகை டார்க் ரெஞ்ச் ஒன்று, 1 முதல் 6 வரை போகும் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று. ஆறு வருடமாக இரண்டும் என் கையில் இருக்கின்றன. பம்ப், பைப் லைன், மோட்டார், அவற்றின் மின் பேனல் எல்லாம் என் பராமரிப்பில் வருபவை. ரெஞ்ச் நன்றாக உழைக்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்த ‘டிக்’ சத்தத்தைப் பற்றி. போல்ட் எவ்வளவு இறுகியது என்பது அந்தச் சத்தத்தில் இல்லை. அதைத் திருப்ப எவ்வளவு விசை பிடித்தது என்பதுதான் இருக்கிறது.

இது எனக்குப் புரிந்தது முதல் வருடத்தில், ஒரு மோட்டார் அடித்தளத்தில். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம் 12, 8.8 வலிமைத் தர போல்ட்கள். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று மரையில் மாலிப்டினம் கிரீஸ் தடவினேன். உலர்ந்த போல்டுக்கான அட்டவணையைப் பார்த்து 88 நியூட்டன் மீட்டர் வைத்தேன். ஒரு போல்ட் ‘டிக்’ வராமல் சுற்றிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் மரை நீண்டிருந்தது. புது நட் பாதியில் சிக்கி நின்றது.

காரணம் உராய்வு. நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலும், 40 சதவீதம் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. போல்ட்டை இழுத்து இறுக்குவதற்கு மிஞ்சுவது 10 சதவீதம் போலத்தான். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். உராய்வையும் சேர்த்துக் கணக்கில் நாம் போடும் முறுக்குக் குணகம் ‘கே’ உலர்ந்த நிலையில் 0.2 என்றால், 88 நியூட்டன் மீட்டரில் அந்த போல்ட்டில் சுமார் 37 கிலோ நியூட்டன் இழுவிசை வரும். எண்ணெய் பூசி அது 0.15 ஆனால் 49. அந்த போல்ட்டின் தாங்குவரம்பே அவ்வளவுதான். கிரீஸில் ‘கே’ இன்னும் இறங்கும். அதனால் இப்போது எந்த அட்டவணையைத் திறந்தாலும் உலர்ந்ததற்கா, எண்ணெய் பூசியதற்கா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அது எழுதப்படாத அட்டவணையை நான் தொடுவதே இல்லை.

அடுத்தது வரிசை. எட்டு போல்ட் பிளாஞ்ச் (பைப் முனைகளை இணைக்கும் வளையத் தட்டு) என்றால் சாக்பீஸால் எண் போட்டுவிடுவேன். 1, 5, 3, 7, அப்புறம் 2, 6, 4, 8. முதலில் கையால், பிறகு 30 சதவீதம், 60, 100. அதோடு விடக் கூடாது. முழு அளவில் வட்டமாக ஒரு சுற்று வர வேண்டும், எந்த நட்டும் நகராத வரை. ஒரு போல்ட்டை இறுக்கினால், நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அங்கே அமுங்கி, பக்கத்துப் போல்ட் தளரும். கடைசிச் சுற்றில் முதலாம் எண் நட் நன்றாகவே திரும்புவதை ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் யாரும் அந்தச் சுற்றைத் தவிர்க்க மாட்டார்கள். மென்மையான கேஸ்கெட் என்றால் நான்கு மணி நேரமாவது விட்டு, லைனில் அழுத்தம் ஏற்றும் முன் இன்னொரு சுற்று. ஃபைபர் கேஸ்கெட் ஒருமுறை சூடேறி இறுகிவிட்டால் மறுபடி இறுக்காதீர்கள், வெடிப்பு விடும்.

மின் இணைப்பில் நிலைமை வேறு. நம் கை, சின்ன ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கும், பெரிய போல்ட்டைக் குறைவாக விடும். பிரேக்கரின் பக்கவாட்டிலேயே, கம்பியை மாட்டும் டெர்மினலுக்கான இறுக்க அளவு அச்சிட்டிருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கும் வரை நானும் அதைப் படித்ததில்லை. இரண்டு கருவிகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பேனல் வேலை செய்பவர்கள் இதையே வாங்குங்கள்.

ஒருமுறை தெர்மல் கேமராவில் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகச் சூடாகத் தெரிந்தது. சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டுத் திறந்தேன். போல்ட் சரியான அளவில்தான் இறுகியிருந்தது. ஆனால் கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கும், மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கும் நடுவில் ஓர் இரும்பு வாஷர்! இரும்பின் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு. கரன்ட் முழுவதும் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. லக்கும் பாரும் நேருக்கு நேர் ஒட்ட வேண்டும், வாஷர்கள் வெளிப்பக்கம்தான். அலுமினிய லக் என்றால் இன்னும் கவனம் தேவை. சூட்டில் அது இரும்பு போல்ட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரியும்போது நசுங்கும், ஆறும்போது தளரும். ஸ்பிரிங் போல அமுங்கி மீளும் கூம்பு வாஷர் போடுவது அந்தத் தளர்வை ஈடுகட்டத்தான். அதன் குவிந்த பக்கம் நட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

வருடா வருடம் எல்லா டெர்மினலையும் ஒரு திருகு திருகும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஒவ்வொரு திருகலிலும் கம்பி இழைகள் இன்னும் நசுங்குகின்றன. அதோடு, அசையாமல் ‘டிக்’ வந்தால் பழைய இறுக்கம் சரி என்று அர்த்தமும் இல்லை. நின்றிருக்கும் நட்டை நகர்த்தவே கூடுதல் விசை வேண்டும். இறுக்கிய அன்றே நட்டிலிருந்து பார் வரை பெயிண்ட் கோடு போடுகிறேன். கோடு விலகினாலோ, லோடு ஓடும்போது சூடு தெரிந்தாலோ கழற்றி, சுத்தம் செய்து, புதிதாக இறுக்குகிறேன்.

ரெஞ்சைப் பற்றி ஒரு குறை: மங்கிய வெளிச்சத்தில் ஸ்கேல் படிக்க முடியாது. பக்கத்திலேயே பவுண்ட் அடி ஸ்கேலும் இருக்கிறது. கவனிக்காமல் அதில் 80 வைத்தால் 108 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். வேலை முடிந்ததும் ஸ்கேலின் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்கிறேன், அதற்குக் கீழே போவதில்லை. போல்ட் கழற்ற ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

டார்க் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6789 இந்த வகைக்கு 4 சதவீதப் பிழை வரை அனுமதிக்கிறது. வருடம் ஒருமுறை அளவீடு சோதிக்க அனுப்புகிறேன். முதல் இரண்டு முறை சரியாக வந்தது. மூன்றாவது வருடம் ஏணியிலிருந்து ஒருமுறை விழுந்திருந்தது. 120-ல் வைத்தால் 129-ல்தான் ‘டிக்’ வந்தது. எந்த பிளாஞ்சை எந்தத் தேதியில் இறுக்கினேன் என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததால் விழுந்த நாளுக்குப் பிந்தைய நான்கையும் கண்டுபிடிக்க முடிந்தது. அடுத்த ஷட்டவுனில் நான்கையும் திறந்து, புது கேஸ்கெட்டும் புது போல்ட்டும் போட்டு, முதல் எண்ணிலிருந்து மறுபடி இறுக்கினேன்.