பூனைமுடிக்குக் கத்தி எதற்கு? டெர்மாபிளேனிங்கும் அதன் போட்டியாளர்களும்

நேர் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் கன்னத்திலும் தாடையோரத்திலும் பஞ்சு படிந்தாற்போல் தெரியும். பூனைமுடி. அதை அறுவை சிகிச்சைக் கத்தியால் வழித்தெடுப்பதுதான் டெர்மாபிளேனிங். கத்தி என்றதும் அடிவயிறு கலங்குவது இயல்புதான். நடப்பது அவ்வளவு பயங்கரமில்லை. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அற்புதமும் இல்லை.

திரெட்டிங், வேக்சிங், லேசர் என்று எத்தனையோ வழிகள் இருக்கும்போது இது எங்கே பொருந்துகிறது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் முகத்தில் இருப்பது எந்த முடி?

முகத்தில் இரண்டு வகை முடிகள் உண்டு. பூனைமுடி பொதுவாக 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவான பருமன் கொண்டது. வேர் ஆழம் போகாது. நிறமி இருந்தும் இல்லாத மாதிரிதான். மற்றது முதிர்முடி. முகவாயிலும் மேலுதட்டு ஓரங்களிலும் கறுப்பாக, விரலுக்குக் குத்துகிற மாதிரி நிற்பது. ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களின் தூண்டுதலில் பூனைமுடியே சில இடங்களில் முதிர்முடியாக மாறுகிறது. ஒன்றுக்குக் கைகொடுக்கும் முறை மற்றொன்றிடம் பல்லிளிக்கும். பணத்தையும் பொறுமையையும் இழப்பவர்களில் பெரும்பாலோர் முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், முடியைத் தவறாக அடையாளம் கண்டவர்கள்.

நாற்காலியில் சாய்ந்த பிறகு

முகத்தைக் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாக உலர விடுவார்கள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள கத்தியை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்து, சிறு சிறு இழுப்புகளாக வழிப்பார்கள். வலி கிடையாது. வலியைவிட விசித்திரமானது அந்தச் சத்தம். காகிதத்தின் மேல் நகத்தால் சுரண்டுவது போன்ற சரசரப்பு, காதுக்கு மிக அருகில். முதல் முறை எனக்குப் பல் கூசியது. கண்ணிமை, மூக்கின் மடிப்புகள் ஆகியவற்றைப் பொதுவாகத் தொடமாட்டார்கள். அரை மணி நேரத்தை ஒட்டி வேலை முடிந்துவிடும்.

நடுவில் கத்தியைத் துடைத்துக் காட்டுவார்கள். வெண்சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருக்கும். பாதி பூனைமுடி, பாதி இறந்த செல்கள். தோலின் வெளிப்புறத்தில் இருக்கும் அந்த இறந்த அடுக்கு, ஒரு தலைமுடியின் தடிமனைவிட மெல்லியதுதான். ஆனால் அது போன பிறகு முகம் கொஞ்சம் பளிச்சென்று தெரியும்; மேக்கப் திட்டுத்திட்டாக நிற்காமல் சீராகப் பரவும். இந்த முறைக்கு இவ்வளவு பெயர் கிடைத்ததற்கு முடி நீங்குவதைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு லேசாகச் சிவந்திருக்கும், தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும். வழக்கமாகப் போடும் கிரீம்கூடச் சுள்ளென்று எரியலாம். சில நாட்களுக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), அமிலம் கலந்த சீரம் எதுவும் கூடாது. சன்ஸ்கிரீனை மறக்கக் கூடாது. முடி மூன்று நான்கு வாரங்களில் திரும்பி வந்துவிடும். இது வேரைத் தொடாத வேலை. தோலுக்கு மேலே நிற்பதை மட்டும் வெட்டுகிறது.

“வழித்தால் மீசை முளைத்துவிடும்” என்ற பயம் இங்கேதான் தலைகாட்டும். 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் இதை ஆராய்ந்து, சவரத்தால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடவில்லை என்று எழுதிவிட்டார். 1970-ல் வந்த மற்றோர் ஆய்வும் அதையே சொன்னது. வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதை வெட்டியது கீழே இருக்கும் வேருக்குத் தெரியவே தெரியாது. இயற்கையாக வளர்ந்த முடியின் முனை கூம்பிப் போயிருக்கும், வெட்டிய முனை மொட்டையாக இருக்கும். தடவினால் சொரசொரப்பது அந்த மொட்டை முனைதான். வழித்த பிறகு முகத்தில் உண்மையிலேயே கறுத்த, தடித்த முடி வந்தால் கத்தியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஹார்மோன்களைப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டு ரேசரோடு ஒப்பிட்டால்

சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: டெர்மாபிளேனிங் என்பது நேர்த்தியாகச் செய்யப்படும் சவரம். வீட்டில் பயன்படுத்தும் முக ரேசருக்கும் அதற்கும் உறவுமுறை சகோதரி. வேறுபாடு கூர்மையிலும் கையிலும் இருக்கிறது. மருத்துவமனைக் கத்திக்குத் தடுப்பு எதுவும் கிடையாது, அதனால் இறந்த அடுக்கையும் சீராக எடுக்கிறது. வீட்டு ரேசரின் விளிம்பில் தடுப்பு இருப்பதால் முடியை நன்றாக எடுக்கும், தோலை அரைகுறையாகத்தான் எடுக்கும். கன்னத்து முடி போனால் போதும் என்பவர்களுக்கு அந்த அரைகுறையே தாராளம்.

கை பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்தில், நாலைந்து முறை பயன்படுத்திய பழைய பிளேடை எடுத்துத் தாடையின் வளைவில் இழுத்தேன். காயம் இரண்டு நாளில் ஆறியது. அது விட்டுச்சென்ற பழுப்புக் கோடு போக இரண்டு மாதம் ஆனது. மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள தோலுக்கு இதுதான் பெரிய தலைவலி: சின்னக் கீறலோ எரிச்சலோ கரும்புள்ளியாகத் தங்கிவிடும். எனவே வீட்டில் செய்பவர்கள் பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். தடுப்பில்லாத அறுவைக் கத்தியை வாங்கிவைத்து, காணொளி பார்த்துத் தனக்குத்தானே போட்டுக்கொள்வதை எந்த வகையிலும் நான் ஆதரிக்கமாட்டேன். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும்போது சாய்வுக் கோணத்தைக் காப்பாற்றுவது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

திரெட்டிங், வேக்சிங்

புருவத்தின் வடிவத்துக்கு நூலை மிஞ்ச எதுவும் இல்லை. அங்கே போட்டியே கிடையாது. மேலுதட்டுக்கும் நூல் நல்ல தேர்வு. வேரோடு இழுப்பதால், முடி திரும்ப வரும்போது முனை கூம்பியே வரும், சொரசொரப்பு இருக்காது. ஆனால் கன்னம், நெற்றி, தாடை என்று முகம் முழுவதும் நூல் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது சவரத்தோடு ஒப்பிடக்கூடிய அனுபவமே அல்ல. கண்ணில் நீர் தானாக வழியும். அடுத்த இரண்டு மூன்று நாள் வேர்க்கால்கள் வீங்கிச் சிறு சிறு பொரிகளாக நிற்பதும் உண்டு. நூலை வாயில் கடித்துக்கொண்டு செய்யும் பழக்கத்தையும் கவனியுங்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்பவர் இருந்தால் அவரிடமே போங்கள்.

வேக்சிங் வேறு ரகம். முடி வேரோடு போகும், கூடவே கொஞ்சம் இறந்த செல்லும் போகும். மூன்று முதல் ஆறு வாரம் நிம்மதி. டெர்மாபிளேனிங்கின் இரண்டு பலன்களையும் இதுவே தருகிறதே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைக் கை முடிவு செய்கிறது. மெழுகு எதையெல்லாம் பிடித்துக்கொண்டு வரும் என்பதை மெழுகே முடிவு செய்கிறது. ரெட்டினால், ட்ரெட்டினாய்ன் பூசுகிறவர்களின் தோலில் வேக்சிங் செய்தால் மேல்தோலே உரிந்து வரலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நிறுத்திச் சில மாதங்களே ஆனவர்கள், மெழுகு, கத்தி இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

முடி நீக்கும் கிரீம்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முடியின் கெரட்டின் புரதத்தைக் காரத்தன்மையுள்ள வேதிப்பொருளால் கரைக்கின்றன. தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதுதான். நேரம் தப்பினால் எது முடி, எது தோல் என்று அதற்குத் தெரியாது. முகத்துக்கென்றே தயாரித்ததை மட்டும், முந்தைய நாளே ஓரிடத்தில் தடவிச் சோதித்த பிறகு பயன்படுத்துங்கள்.

லேசரிடம் பூனைமுடியைக் கொண்டுபோகாதீர்கள்

“மாதாமாதம் வழிப்பதற்குப் பதில் ஒரேயடியாக லேசர் செய்துவிட்டால் என்ன?” இந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. லேசர் முடியைப் பார்ப்பதில்லை, முடியிலுள்ள கறுப்பு நிறமியைப் பார்க்கிறது. அந்த நிறமி ஒளியை விழுங்கிச் சூடாகி வேர்க்காலைப் பொசுக்க வேண்டும். பூனைமுடியில் விழுங்குவதற்கு நிறமி எங்கே இருக்கிறது? நரைமுடியிலும் அதே கதை. காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. முகத்தில், குறிப்பாகக் கன்னத்திலும் தாடையிலும் கழுத்திலும், அரைகுறைச் சூடு உறங்கிக்கிடக்கும் வேர்க்கால்களைத் தட்டியெழுப்பி, முன்பைவிடத் தடித்த முடியை வளர்த்துவிடுவது உண்டு. மருத்துவ இலக்கியத்தில் பதிவான பக்கவிளைவு இது. கறுத்த தோல் உள்ளவர்களிடமும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. கத்தி மீது மக்கள் சுமத்தும் பழி உண்மையில் பொருந்துவது இங்கேதான் என்பது வேடிக்கை.

அதே லேசர், முகவாயில் கறுத்துத் தடித்து நிற்கும் முடிக்கு அருமையான ஆயுதம். அந்த இடத்தில் டெர்மாபிளேனிங் தோற்றுப்போகும்: வழித்த மூன்றாம் நாளே கறுப்புப் புள்ளிகள் தலைகாட்டும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர் பாதுகாப்பானது; அது மேல்தோலின் நிறமியில் அதிகம் சிக்காமல் ஆழம் செல்கிறது. பல வாரங்கள் இடைவெளி விட்டு ஆறு முறையாவது போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் கிடைப்பது நிரந்தரக் குறைவுதான், முழுத் துடைப்பு இல்லை.

இதில் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று. லேசர் நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் நூல், மெழுகு, இடுக்கி மூன்றும் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் லேசருக்கு இலக்கே இல்லை. சவரம் செய்யலாம். சொல்லப்போனால், அமர்வுக்கு முன் சவரம் செய்துவிட்டு வரச்சொல்வதே வழக்கம். கத்தியும் லேசரும் எதிரிகளல்ல, நல்ல கூட்டாளிகள்.

எலக்ட்ரோலிசிஸ் மட்டும் நிறம் பார்க்காது. 1875-ல் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து விழியை உறுத்தும் இமைமுடிகளை அழிக்க மின்சாரம் பாய்ச்சிய ஊசியைப் பயன்படுத்திய கதையிலிருந்து வந்த முறை இது. ஒவ்வொரு வேர்க்காலிலும் ஊசியை நுழைத்து அழிப்பதால் நிரந்தரம் என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை இதற்குத்தான். முகவாயில் பத்துப் பன்னிரண்டு முடி, அதில் பாதி நரை என்றால் இதைத் தேடிப் போகலாம். கன்னம் முழுவதும் இருக்கும் பூனைமுடிக்கு இதைச் செய்வது கடற்கரை மணலை எண்ணுகிற வேலை.

கத்தி வேண்டாதவர்கள்

சீழ் கோத்த பருக்கள் இருந்தால் வேண்டாம். கத்தி அவற்றைக் கீறிக் கிருமியை முகமெங்கும் இழுத்துச் செல்லும். உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம், எக்சிமா, சொரியாசிஸ், சிவந்து கொதிக்கும் ரோசேசியா இருந்தாலும் வேண்டாம். காயம் பட்ட இடம் தழும்பாகத் தடித்து எழும் இயல்புள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. புடைத்த மச்சத்தைச் சுற்றிப் போக வேண்டும், மேலே போகக் கூடாது. உங்கள் மச்சங்களை எண்ணிப் பார்க்காமலே கத்தியை எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

முகவாயில் முடி திடீரென்று கூடுகிறது, மாதவிலக்கும் தாறுமாறாக வருகிறது என்றால் இந்த அலசலில் உள்ள எந்த முறையும் முதல் படி ஆகாது. பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஊற்று திறந்திருக்கும்வரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என் முகத்துக்கு நான் வந்துசேர்ந்த ஏற்பாடு கலவையானது: புருவத்துக்கு நூல், கன்னத்துக்கு மாதம் ஒருமுறை வீட்டு ரேசர், வருடத்தில் ஓரிரு முறை டெர்மாபிளேனிங். முகவாயின் இடப்பக்கம் பிடிவாதமாக வரும் மூன்று முடிகளுக்கு இடுக்கிதான். விசேஷம் ஏதாவது வருகிறதென்றால் முதல்முறை டெர்மாபிளேனிங்கை அதற்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்பே ஒருமுறை செய்து, தோல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். நாற்காலியில் சாய்வதற்கு முன், புதுக் கத்தியின் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.