‘குறியே பார்க்க வேண்டாம்’ என்று என் தலையில் கட்டிய ரிவால்வர்

டெக்சஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷாட்கன் தோட்டா (உள்ளே ரவை என்கிற பொடி உலோக மணிகள் நிறைந்தது) போட்டுச் சுடுகிற ரிவால்வர் ஒன்று வாங்கலாமா என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். எனக்கு வரியோடு 770 டாலர் 74 சென்ட் போனது. கடையின் பெயரையும், துப்பாக்கி எந்த நிறுவனத்துடையது என்பதையும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை.

ஆஸ்டினுக்கு வடக்கே, ஜார்ஜ்டவுன் தாண்டி மூன்று ஏக்கர் மனையில் வீடு. பின்னால் சுண்ணாம்புப் பாறை, சீடர் மரங்கள், ஒரு விறகுக் குவியல். போன ஏப்ரலில் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், "மாப்பிள்ளை, அங்க விரியன் மாதிரி ஒண்ணு கிடக்குது" என்று கத்தாமல் கூச்சல் போடாமல் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் டயமண்ட்பேக் ராட்டில்ஸ்நேக், வாலில் கிலுகிலுப்பையோடு மூன்றரை அடி. பக்கத்து வீட்டுக்காரர் நீளமான கொக்கியோடு வந்து, அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமியார் அன்று நன்றாகத் தூங்கினார். நான்தான் தூங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடையில் நின்றேன். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடமாகிறது, வாங்கச் சட்டத் தடை இல்லை. (எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. "லைசன்ஸ்தானே, பத்து நிமிஷ வேலை" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் வக்கீலைக் கேளுங்கள்.)

பாம்பு என்று நான் வாயைத் திறந்ததுமே விற்பனையாளர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார். நீளமான சிலிண்டர் (தோட்டா போடும் உருளை), கட்டைக் குழல், ஐந்து தோட்டா. 410 என்ற மெல்லிய ஷாட்கன் தோட்டாவும் போடலாம், ஒற்றைக் குண்டு உள்ள 45 கோல்ட் ரிவால்வர் தோட்டாவும் போடலாம். "குறியே பார்க்க வேண்டாம் நண்பரே. பாம்பு இருக்கிற திசையில் நீட்டுங்கள், அமுக்குங்கள். ரவை விரிந்து போய் மீதியைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார், தர்பூசணி ஒன்று சிதறியது. தர்பூசணி எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த வகையில் இரண்டு மாடல் இருக்கின்றன, இரண்டரை அங்குலத் தோட்டா ஏற்பது ஒன்று, மூன்று அங்குலம் ஏற்பது ஒன்று, மூன்றுதான் உங்களுக்குச் சரி என்றார். சரி என்றேன். ரிவால்வர் 549, மூன்று அங்குலத் தோட்டா மூன்று பெட்டி 66, 45 கோல்ட் ஒரு பெட்டி 49, இடுப்பு உறை 48. துப்பாக்கி வாங்க நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தில் கையெழுத்து, பின்னணிச் சோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது. பெட்டியை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த டேப்பை அங்கேயே பிரித்துப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து தோட்டாவைப் போட்டால் சிலிண்டர் மூடவில்லை. தோட்டாவின் முனை முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் புதியவன், ஏதோ தப்பாகப் போடுகிறேன் என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் குழலின் பக்கத்தில் பொடி எழுத்தில் 2½ என்று பொறித்திருந்ததைப் பார்த்தேன். பெட்டியின் லேபிள் மூன்று அங்குல மாடல் என்கிறது. ரசீதும் அப்படியே. லேபிளில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் வேறு வேறு. சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய தேய்மானக் கோடு வேறு. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் சுழற்றிப் பார்த்த சரக்கு அது.

திங்கட்கிழமை போனேன். மேலாளர் கோபப்படவே இல்லை. 4473 படிவத்தின் நகலை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். அதில் இருந்தது துப்பாக்கியில் உள்ள எண். "இந்த எண்ணுக்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். பெட்டி வெறும் அட்டை" என்றார். துப்பாக்கி விவரத்தை அந்தப் படிவத்தில் நிரப்புவது கடைக்காரர்தான், நான் என் பெயர், முகவரி, கேள்வி பதில் பகுதியோடு நின்றுவிட்டேன். துப்பாக்கி விற்றால் விற்றதுதான், தோட்டாவும் திரும்ப வாங்கமாட்டோம் என்று சுவரில் பலகை. வேண்டுமானால் பழைய துப்பாக்கியாக 300 டாலருக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு நாள் பழசு!

சரி, கையில் இருப்பதையாவது சுட்டுப் பார்ப்போம் என்று, இரண்டரை அங்குலத் தோட்டா ஒரு பெட்டி தனியாக வாங்கிக்கொண்டு உள்ளரங்க ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சிறு ரவை, குறி அட்டையை நகர்த்தும் கம்பியையும் விளக்கையும் பதம் பார்க்கும், அதனால் உள்ளே அனுமதி இல்லை. பல உள்ளரங்க ரேஞ்சுகளில் இதுதான் விதி. இதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

திறந்தவெளி ரேஞ்ச் ஒன்றைத் தேடிப் போனேன். அங்கே நான் செய்த சோதனையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து பழைய பச்சைத் தோட்டக் குழாயில் இரண்டடி வெட்டி எடுத்துப் போயிருந்தேன். பெரிய அட்டையில் அதைப் பாம்பு மாதிரி வளைத்து ஒட்டினேன். 9ஆம் நம்பர் ரவை, ஒரு தோட்டாவில் அரை அவுன்ஸ், எண்ணினால் 290 மணிக்குக் குறையாது. ஒவ்வொன்றும் கடுகை விடக் கொஞ்சம் பெரிது. பதினைந்து அடியில் நின்று, குழாயின் நடுவில் ஒழுங்காகக் குறி வைத்துச் சுட்டேன். அட்டை முழுக்க ஓட்டை. போய்ப் பார்த்தால் குழாயின் இரண்டு முனைகளிலுமாகச் சேர்த்து ஏழு கீறல், நடுவில் ஒன்றுகூட இல்லை. உளுந்த வடை மாதிரி சுற்றிலும் ரவை, நடுவில் வெற்றிடம். இன்னும் இரண்டு தோட்டா சுட்டேன், அதே வடை. ஆறடிக்கு வந்து சுட்டபோது குழாய் நார் நாராகப் போனது. ஆனால் ஆறடியில் பாம்பு இருந்தால் நான் அங்கே நின்று கொண்டிருக்க மாட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தை அவர்தான் விளக்கினார். குழலுக்குள் திருகு வரிகள் வெட்டியிருக்கிறார்கள். ஒற்றைக் குண்டு நேராகப் போக அந்தச் சுழற்சி வேண்டும். ரவைக்கோ அதுவே எமன். ஈரக் குடையைச் சுழற்றினால் தண்ணீர் எப்படி வெளிப்பக்கமாகத் தெறிக்குமோ அப்படி, குழலை விட்டு வந்ததும் மணிகள் ஓரத்துக்கு ஓடிவிடும். வரியே இல்லாமல் வழவழப்பாகச் செய்யலாம்தான், ஆனால் 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி வழவழப்பான குழல் உள்ள கைத்துப்பாக்கிக்குத் தனிப் பதிவு வேண்டும். வரி வெட்டி 45 கோல்ட் தோட்டாவும் போடலாம் என்று ஆக்கினால் சாதாரண ரிவால்வர் ஆகிவிடும், கடையில் வைத்து விற்கலாம். அதாவது அந்த வரிகளில் பாதி, சட்டத்துக்காக வெட்டியவை.

அப்படியென்றால் 45 கோல்ட் தோட்டாவாவது நன்றாகப் போகுமா? 1873இலிருந்து இருக்கிற தோட்டா அது, அதில் குறையில்லை. நீளமான 410 தோட்டாவுக்காகச் செய்த சிலிண்டரில் இந்தக் குட்டைத் தோட்டாவின் குண்டு கொஞ்ச தூரம் பிடிமானமில்லாமல் தாவித்தான் வரிகளைத் தொடுகிறது. என் கையில் இருபது அடிக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தது. பெரியவர் சுட்டபோது சாஸர் அளவு. சரி, அதில் பாதிக் குற்றம் என் கையுடையது.

இந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இந்த ரிவால்வரைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே டெக்சஸில் கிடையாது போலிருக்கிறது. பிரேசிலின் டாரஸ் நிறுவனம் 'ஜட்ஜ்' என்று ஒன்று விற்கிறது. மயாமி பக்கம் நீதிபதிகள் பாதுகாப்புக்கு வாங்கியதால் அந்தப் பெயர் என்பது நிறுவனம் சொல்லும் கதை. 2011இல் ஸ்மித் அண்ட் வெஸன் 'கவர்னர்' கொண்டுவந்தது. அதில் ஆறு தோட்டா, 45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவும் போகும். மேற்கு டெக்சஸில் மாடு வளர்க்கும் ஒருவர் தன்னுடையதை விற்கவே மாட்டேன் என்றார். வேலி கட்டும்போது காலடியில் பாம்பு வந்தால் குனிந்து சுடுகிறார், தூரம் நாலடி, ஐந்தடி. அவருக்கு இது சரியான கருவி, நான் மறுக்கவில்லை. இன்னொருவர் வாங்கி மூன்று மாதத்தில் விற்றுவிட்டுப் பழைய 357 ரிவால்வருக்கே திரும்பிவிட்டார். சாதாரண 38 ரிவால்வரிலேயே போடுகிற பாம்பு ரவைத் தோட்டா சிசிஐ என்ற நிறுவனத்துடையது கிடைக்கிறது, அதற்காக எதற்கு இன்னொரு துப்பாக்கி என்பது அவர் கேள்வி. ஒரு பெண்மணி வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கியிருந்தார். அவரிடம் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, சிறு ரவையை நம்பாதே என்பதுதான். எஃப்பிஐ குண்டைச் சோதிக்கும்போது உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெல்லியில் குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும் என்று பார்க்கிறது. பறவை சுடுகிற சிறு ரவை தோலோடும் சதையோடும் நின்றுவிடும். போட்டால் 000 பக்ஷாட் என்ற பெரிய ரவை போட வேண்டும், இரண்டரை அங்குலத் தோட்டாவில் அப்படி நாலு உருண்டை வரும்.

சுட்ட பிறகு காலி உறைகளை வெளியே தள்ளும் கம்பி முழு நீளத்துக்கும் தள்ளவில்லை, விரிந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் நோண்டித்தான் எடுத்தேன். பாம்பு வரும்போது அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. தோட்டா நீளம் பற்றியும் அங்கேதான் புரிந்தது. இரண்டரை, மூன்று என்பதெல்லாம் சுட்டு விரிந்த பிறகு உறை எவ்வளவு நீளம் என்பது. சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் கடையில் கண்ணால் பார்த்து "இது போகும்" என்று முடிவு செய்ய முடியாது, குழலில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதியிலேயே மனைக்குள் சுடக் கூடாது என்று இருக்கிறது. வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதம்தான், படித்ததில்லை. ஹெச்ஓஏ இல்லாத இடமாக இருந்தாலும், சப்டிவிஷனில் பத்து ஏக்கரும் அதற்குக் குறைவும் உள்ள மனைகளில் சுடுவதைத் தடை செய்ய டெக்சஸ் சட்டம் கவுண்டிகளுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் கவுண்டியில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறையில் பட்டு ரவை திரும்பி வரும் என்பது தனிக் கதை.

மச்சான் ஃப்ரீமாண்டில் இருக்கிறார். "மாமா, விக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க" என்றார். கலிஃபோர்னியாவில் இந்த வகை ரிவால்வரைக் கட்டைக் குழல் ஷாட்கன் என்றே சட்டம் பார்க்கிறது, வைத்திருப்பதே குற்றம். வேலை மாறி அங்கே போகிறவர்கள் வீட்டுச் சாமானோடு சேர்த்து இதையும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள எண், துப்பாக்கியில் உள்ள எண், படிவத்தில் உள்ள எண், மூன்றையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த ரிவால்வர் வாடகைக்குக் கிடைக்கும் ரேஞ்சும் உண்டு. முதலில் அங்கே போய், ஒரு குழாய்த் துண்டையும் கொண்டுபோய், பதினைந்து அடியில் சுட்டுப் பாருங்கள்.

ரசீது, பெட்டி லேபிள், குழல் எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து, கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். டெக்சஸில் ஏமாற்று வியாபாரச் சட்டப்படி வழக்குப் போடும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத வேண்டும். 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம். அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்தாயிற்று. நோட்டீஸ் போய் 23 நாள் ஆகிறது. தபால் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை ரிவால்வர் பெட்டகத்தில் இருக்கிறது. நீளக் கொக்கி ஒன்று 40 டாலருக்கு வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.