ஒற்றை விக்: இச்சிமோக்குவோடு மூன்று வருடம்

வள்ளியூர்த் தம்பி ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க பாக்கிய அந்த மேகத்த நம்பி டாலர்ல எறங்கலாமா?" மேகம் என்றது, இச்சிமோக்கு என்ற ஜப்பானிய விலைச் சார்ட்டில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிழலாகத் தெரியும் பகுதி. மூன்று வருடமாகத் தினமும் காலை 9 மணிக்கு நான் திறந்து பார்க்கிற சார்ட். தயங்காமல் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வாரம் பட்டது இன்னும் ஆறவில்லை.

நான் நிலாவாரை ஏற்றுமதி செய்கிறவன். உலகச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரிலேயே போகிற இலை. ராதாபுரம் பக்கம் வாங்கி, தூத்துக்குடியில் கப்பலேற்றினால் 90 நாள் கழித்து டாலரில் பணம் வரும். அதற்குள் டாலர் ஏறினால் எனக்கு லாபம். இறங்கும்போல் தெரிந்தால், கரன்சி ஃபியூச்சரில், அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசும் சந்தையில், இப்போதே விற்று விலையைக் கட்டிவிடுவேன். ஒரு லாட் 1,000 டாலர். எப்போது விற்பது, எத்தனை லாட் விற்பது என்பதற்குத்தான் இச்சிமோக்கு.

அதன் ஐந்து கோடுகளையும் விளக்கப்போவதில்லை. எத்தனை நாள் விலையை வைத்துக் கோடுகளைக் கணக்கிடுவது என்பதற்கான 9, 26, 52 என்ற எண்களை இப்போதைய ஐந்து நாள் வாரத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்வார்கள். சில மாதம் மாற்றிப் பார்த்தேன். எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை. பழையதற்கே திரும்பிவிட்டேன்.

இதில் எனக்கு உயிர், ஐந்தில் ஒன்றான கிஜுன் கோடுதான். விலை அதற்கு மேலே இருந்தால் ஏற்றம், கீழே போனால் இறக்கம். மேகத்துக்கும் அப்படியே. 2024 அக்டோபரில் டாலர் 84 ரூபாயைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் 88-ஐ நெருங்கியது. அந்த மாதங்களில் பயந்துபோய் மொத்த டாலரையும் விற்று விலையைக் கட்டாமல், பாதிச் சரக்கின் டாலரை விற்காமலே வைத்திருந்தேன் என்றால், விலை மேகத்துக்கு மேலேயே நின்றதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். மார்ச்சில் விலை கிஜுனுக்குக் கீழே வந்ததும் மீதியை விற்றேன். மாதக் கடைசியில் டாலர் 85.50 பக்கம் கிடந்தது. அந்த ஒரு முடிவுக்காகவே இந்தச் சார்ட்டுக்கு நன்றி சொல்வேன்.

அதற்கு முந்தைய வருடம் இது எதற்கும் உதவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டாலர் 83-க்கும் 84-க்கும் நடுவில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தபோது, மேகம் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. விலை அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது. டிரெண்ட் இல்லாத இடத்தில் டிரெண்டைக் காட்டு என்று எந்தக் கோட்டையும் கேட்க முடியாது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

குறை வேறு. கிஜுன் சராசரி இல்லை. கடைசி 26 கேண்டிலின் (ஒரு நாள் விலைக்குச் சார்ட்டில் ஒரு கேண்டில்) உச்ச விலையையும் அடி விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. நடுவில் எத்தனை நாள் என்ன விலையில் வியாபாரம் நடந்தது என்பது கணக்கிலேயே கிடையாது. எங்கோ ஒரு ஒற்றை லாட் ஏடாகூடமான விலையில் கைமாறினால், அந்த விக், அதாவது அன்றைய கேண்டிலிலிருந்து திரிபோல் நீளும் கோடு, 26 கேண்டிலுக்குக் கிஜுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

போன வாரம் நடந்தது இதுதான். அடி 85.40, உச்சம் 86.40. கிஜுன் 85.90-ல் இருந்திருக்க வேண்டும். நான் சார்ட் பார்ப்பது தூரத்து மாதக் கான்ட்ராக்டில், அதாவது சில மாதம் தள்ளி முடியும் ஃபியூச்சரில். அதில் யாரோ 87.20-க்கு வாங்க, அந்த விக் உச்சமாகிவிட்டது. கிஜுன் 86.30-க்குப் போய்விட்டது. விலையோ 86.10. உண்மையில் கோட்டுக்கு மேலே இருக்கும் விலை, என் திரையில் கீழே இருந்தது. கோட்டை நம்பி 18 லாட் விற்றேன். அப்புறம் டாலர் 86.60-க்குப் போனது. 50 பைசா, 18,000 டாலருக்கு 9,000 ரூபாய். ஒரு லோடு இலையைத் தூத்துக்குடிக்கு அனுப்பும் லாரி வாடகை மாதிரி ஒரு தொகை.

புரோக்கரிடம் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் நிஜமாக நடந்த வியாபாரம், அழிக்க முடியாது என்றார்கள். நியாயம்தான். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தபிறகு, கையில் நிஜமான டாலர் வரவு செலவு உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சந்தை. கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தூரத்து மாதங்களில் ஆளே இல்லை. ஆளில்லாத கடையில் ஒருவர் சொன்ன விலையைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்கிறது இந்தக் கணக்கு. இதை உருவாக்கிய கோய்ச்சி ஹொசோடா ஒரு பத்திரிகைக்காரர். கம்ப்யூட்டர் இல்லாமல் ஆட்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டு, 1969-ல் வெளியிட்டவர். கையால் எழுதுகிறவன் 87.20 என்ற எண்ணைத் தாளில் ஏற்றும்போது பேனாவை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்திருப்பான். என் லேப்டாப் யோசிக்கவில்லை.

ஸ்பாட் விலையின், அதாவது டாலரின் அன்றைய நேரடி விலையின், சார்ட்டில் கோடுகளைப் பார்த்து, ஃபியூச்சரில் விற்பதுதான் வழி என்று இப்போது தெரிகிறது. அதைத் தெரிந்துகொள்ள 9,000 ரூபாய் கொடுத்தேன் என்பதில் இன்னும் கோபம் இருக்கிறது.

தம்பிக்கு ஏற்றுமதியும் இல்லை, இறக்குமதியும் இல்லை. யாரோ காட்டிய வெளிநாட்டு ஆப்பில் பணம் போட்டு, மேகம் பார்த்து விளையாட நினைக்கிறார். சட்டப்படியே அது கூடாது. "வேண்டாம்ப்பா" என்றேன். "அப்ப நீங்க மட்டும் பாக்கியளே அண்ணாச்சி?" என்றார்.

உண்மையில் இப்போதைக்கு நானும் பார்க்கவில்லை. அந்த விக் கணக்கிலிருந்து வெளியேற இன்னும் 21 கேண்டில் பாக்கி. அதுவரை கிஜுனை மறைத்து வைத்திருக்கிறேன்.