சி டிரைவ் நிரம்பியதற்கு 8,400 ரூபாய் பில்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக இருப்பவர்கள், போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். நான் கீழே சொல்லும் இரண்டு இடங்களை உங்கள் கம்ப்யூட்டரில் இப்போதே பார்த்துவிடலாம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் என் அக்கா ஜெராக்ஸ், ஆன்லைன் சென்டர் நடத்துகிறார். அரசுத் தேர்வு விண்ணப்பம், பான் கார்டு, கரண்ட் பில், வருமானச் சான்றிதழ், போட்டோவை 50 கேபிக்குள் சுருக்கித் தருவது, இதுதான் வேலை. ஒரே ஒரு டெஸ்க்டாப். ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போதே கடைக்காரர் அதை நான்காகப் பிரித்து, விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்கு 80 ஜிபி ஒதுக்கிக் கொடுத்திருந்தார். நம் ஊரில் பாதி கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் இருக்கின்றன. டி, ஈ, எஃப் எல்லாம் காலியாகக் கிடக்கும். சி மட்டும் பிதுங்கும்.

தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கிய சமயத்தில் இது படுத்துக்கொண்டது. குரோமில் ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம். பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கும், பேப்பர் வெளியே வராது. வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். சி டிரைவில் இடம் இல்லை என்று ஓர் அறிவிப்பு அடிக்கடி வந்திருக்கிறது. அக்கா அதை போனில் படம் எடுத்து, தெரிந்தவர் ஒருவர் சொன்ன சர்வீஸ் கடைக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்துக்குக் கடையிலிருந்து வந்த பதில்: "அது வைரஸ் மேடம். சிபியுவைக் கொண்டு வாங்க."

கடையில் ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டு, ஆயிரத்துக்கு மேல் பிழைகள் என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறார்கள். பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அப்புறம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள்: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ராம் பத்தாது, போர்டு வீக், வைரஸ் ஏறியிருக்கிறது. மறுநாள் கையில் கொடுத்த வெள்ளைத்தாள் பில் இது: எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) 256 ஜிபி புதியது 2,800, கூடுதல் ராம் 4 ஜிபி 1,600, போர்டு சர்வீஸ் 2,000, விண்டோஸும் ஆன்டிவைரஸும் 1,500, வைரஸ் கிளீனிங் 500. மொத்தம் 8,400 ரூபாய். ஜிஎஸ்டி எண் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டதற்கு, "செத்துப்போனதை வச்சு என்ன மேடம் பண்ணப் போறீங்க" என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பறந்தது. பறக்காமல் என்ன செய்யும்? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் எந்தப் பழைய கம்ப்யூட்டரும் கொஞ்ச நாள் பறக்கும். போர்டைச் சர்வீஸ் செய்தார்களா, துடைத்துக்கூடப் பார்க்கவில்லையா என்பது அந்த வேகத்தில் மறைந்துவிடும். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஐந்து மாதம் கழித்து அதே கதை. அதே அறிவிப்பு, அதே பிரிண்டர் மக்கர். கடைக்குப் போன் போட்டால், "மதர்போர்டையே மாத்தணும் மேடம், ஆறாயிரம் ஆகும்" என்கிறார்கள். அதன் பிறகுதான் அக்கா என்னைக் கூப்பிட்டார். "என்னடா இது, இப்பத்தானே எட்டாயிரம் கொடுத்தேன்?"

போய்ப் பார்த்தேன். திரையில் திஸ் பிசியைத் திறந்தால் சி டிரைவின் பட்டை சிவப்பாக இருந்தது. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இடம் குறைந்தால் விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாக்கிவிடும். மீதி இருந்தது 640 எம்பி. புது எஸ்எஸ்டியையும் பழக்கதோஷத்தில் வெட்டி, சிக்கு அதே 80 ஜிபிதான் கொடுத்திருக்கிறார்கள். டி டிரைவில் நூறு ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் 17 ஜிபி. டெஸ்க்டாப்பில் வந்தவர் போனவர் ஸ்கேன் எல்லாம் சேர்ந்து 9 ஜிபி. வாட்ஸ்அப் தன் பங்குக்கு உட்கார்ந்திருந்தது. வைரஸும் இல்லை, போர்டிலும் குறை இல்லை. முதல் தடவையும் இதுவேதான் நடந்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பியும் மறைத்திருக்கிறார்கள்.

இடம் இல்லாவிட்டால் ஏன் வேகம் போக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஃபைல் வைக்கத்தானே டிஸ்க், அது நிறைந்தால் புது ஃபைல் வைக்க முடியாது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் சி டிரைவைத் தன் வேலைக்கும் பயன்படுத்துகிறது. 4 ஜிபி ராமில் குரோமில் பத்து டேப் திறந்தாலே ராம் போதாது. அப்போது ராமில் இருப்பதில் ஒரு பகுதியை சி டிரைவில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அந்தக் கோப்பு வளர இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் புரோகிராம்கள் உறைந்து நிற்கும், சில தானாகவே மூடிக்கொள்ளும். குரோமின் தற்காலிகக் கோப்புகளுக்கும் சியில்தான் இடம். பிரிண்ட் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் முதலில் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஸ்பூல் என்ற இடத்தில் எழுதப்பட்டு, அப்புறம்தான் பிரிண்டருக்குப் போகும். அக்காவின் பிரிண்டர் நின்றது அதனால்தான். பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. விண்டோஸ் அப்டேட் வேறு, இடம் போதாமல் பாதியில் தோற்று, மறுபடி மறுபடி முயன்று டிஸ்க்கைக் கடைந்துகொண்டே இருக்கும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. காலி இடம் துண்டு துண்டாகத்தான் மிஞ்சும் என்பதால் புதுக் கோப்பும் துண்டு துண்டாகவே உட்காரும். தீபாவளிக் கூட்டத்தில் ஒரே குடும்பத்துக்கு ஆளுக்கொரு பெட்டியில் சீட் கிடைத்த மாதிரி. ஒவ்வொரு துண்டுக்கும் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் தாவ வேண்டும், ஒரு தாவலுக்குச் சுமார் பத்து மில்லி செகண்ட். விண்டோஸின் டீஃப்ராக் என்ற கருவி துண்டுகளைச் சேர்த்து அடுக்கி இதைச் சரிசெய்யும். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவே 15 சதவீதம் இடமாவது காலியாக இருக்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் தாவல் பிரச்சினை இல்லை. ஆனால் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே அதனால் நேரடியாக எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், அதையும் பெரிய பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். காலி இடம் தாராளமாக இருந்தால் இந்த வேலையை ஓய்வு நேரத்தில் முடித்துவைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால், நாம் எழுதச் சொல்லும் நேரத்தில்தான் நகர்த்தி, அழித்து, எழுதும். விலை குறைந்த எஸ்எஸ்டி பலவற்றில் காலி இடத்தின் ஒரு பகுதியையே வேகமான தற்காலிக இடமாக வைத்திருப்பார்கள். நிறைய நிறைய அதுவும் சுருங்கும். எஸ்எஸ்டியின் இந்தக் கணக்குக்கு சி, டி என்ற எல்லையெல்லாம் கிடையாது, மொத்த டிஸ்க்கும் ஒன்றுதான். விண்டோஸின் கணக்குக்கு சி மட்டும்தான் முக்கியம். சுழலும் டிஸ்க்கில் டி டிரைவில் படங்களை அடைத்து வைத்தால் விண்டோஸ் மெதுவாகும் என்பது சும்மா பேச்சு.

சரி, ஏமாற்றிய கதைக்கு வருகிறேன். சியில் இடம் இல்லை என்று தெரிந்ததுமே பில்லின் மீது சந்தேகம் வந்துவிட்டது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றது. மொத்தம் 4 ஜிபி. கேபினட்டைத் திறந்தும் பார்த்தோம். பழைய ராம் மட்டும் இருக்கிறது, பக்கத்து ஸ்லாட்டில் தூசி. 1,600 ரூபாய் காற்றில் போட்ட ராமுக்கு.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு டிஸ்க்குக்குள்ளேயே பதிவாகும், இது அதை எடுத்துக் காட்டும். 11,214 மணி நேரம். ஐந்து மாதமும் ஒரு நிமிடம் அணைக்காமல் ஓட்டியிருந்தால்கூட 3,700 மணி நேரத்தைத் தாண்டாது. அக்கா ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவார். யாரோ ஓட்டித் தேய்த்த எஸ்எஸ்டியை ஸ்டிக்கர் மாற்றிப் புதியது என்று விற்றிருக்கிறார்கள். ஒரு வருட ஆன்டிவைரஸ் என்றது ஒரு மாத ட்ரையல். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும், அதற்குப் பணமே வேண்டாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி போடச் சொன்ன ஆலோசனை தவறில்லை. சுழலும் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓட்டுகிற யாருக்கும் நானே அதைச் சொல்வேன். 4 ஜிபி ராமும் இன்றைக்குக் குறைவுதான். சில ஹார்ட் டிஸ்க்குகள் உண்மையிலேயே சாகும் நிலையில் இருக்கும். கருவி மஞ்சளோ சிவப்போ காட்டினால், அல்லது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால், வேறு எதையும் நோண்டாமல் முதலில் ஃபைல்களை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். எங்கள் கோபம் எஸ்எஸ்டி மீது இல்லை. வராத ராமுக்கும், பழைய டிஸ்க்குக்கும், இல்லாத வைரஸுக்கும் வாங்கிய பணத்தின் மீதுதான்.

அந்தச் சிவப்பு எழுத்து ஸ்கேன் இருக்கிறதே, அது உலகம் பூராவும் ஓடும் நாடகம். அமெரிக்காவில் ஆஃபிஸ் டிப்போ என்ற பெரிய நிறுவனத்தின் கடைகளில் இலவசக் கம்ப்யூட்டர் பரிசோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போல நான்கு கேள்விகள் முதலில் கேட்கப்படும். அதில் எதற்காவது டிக் போட்டால் போதும், ஸ்கேன் முடிவில் மால்வேர் (வைரஸ் போன்ற கெடுதல் மென்பொருள்) அறிகுறி என்று வந்துவிடும். அதைக் காட்டிப் பணம் வாங்கிச் சர்வீஸ் விற்றார்கள் என்பது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் ஆஃபிஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. அங்கேயே அப்படியென்றால் நம் ஊர் சந்துக்கடையின் ஸ்கேனை என்ன சொல்ல.

அக்கா கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று விஸ்ட்ரீ என்ற கருவி காட்டியது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதியில் டி டிரைவுக்கு மாற்றினோம். டெஸ்க்டாப்பையும் அப்படியே. டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்ததில் பழைய அப்டேட் மிச்சங்கள் சில ஜிபி போயின. ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அணையும் ஹைபர்னேஷன் வசதியை அணைத்ததில் இன்னும் ஒன்றரை ஜிபி. விண்டோஸ் ஓடுவதற்கான கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டர் பக்கம் மட்டும் கையை வைக்காதீர்கள், எது பெரிதாக இருந்தாலும். இப்போது சியில் 30 ஜிபிக்கு மேல் காலி. பிரிண்ட் கொடுத்தால் பேப்பர் வருகிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிய உறுத்தல் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க். அதில் ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கானோரின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஸ்கேன்கள் இருக்கின்றன. ஃபைலை அழித்தாலும், அவசரத்துக்கு ஃபார்மட் அடித்தாலும், டிஸ்க்கில் இருக்கும் விவரம் போய்விடாது. மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையோடு வாங்குங்கள், டிஸ்க் என்றால் சண்டை போட்டாவது வாங்குங்கள். கொடுக்கும்போதே ராம், டிஸ்க் இரண்டையும் சீரியல் எண் தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

படங்களோடு கடைக்குப் போனோம். "அந்த மணிக்கணக்கு தப்பா காட்டும் சார்" என்றார். ராம் ஸ்லாட் படத்தைக் காட்டியதும் பேச்சு மாறி, 1,600 ரூபாயை ஜிபேயில் திருப்பி அனுப்பினார். ஹார்ட் டிஸ்க் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். எஸ்எஸ்டியை மாற்றித்தர முடியாதாம், பில்லில் வாரண்டி எழுதவில்லையாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறோம். ஜிஎஸ்டி பில் இல்லாதது எங்களுக்குக் குறைதான், ஆனால் முழுப் பணமும் போனில் அனுப்பிய பதிவும், அந்த வாட்ஸ்அப் உரையாடலும் இருக்கின்றன. கடைக்காரர் மசியவில்லையென்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். அக்கா இப்போதே மனுவைத் தட்டச்சு செய்து டி டிரைவில் வைத்துவிட்டார்.