மக்காச்சோளப் பூஞ்சைநோய்: நாள் பார்த்துத் தெளிப்பதா, வயல் பார்த்துத் தெளிப்பதா?

ஆண் பூங்கொத்து வெளிவரும் பருவத்தில், நோய் இருக்கிறதோ இல்லையோ, பூஞ்சைக்கொல்லியைத் தெளித்துவிடுவது எளிய வழி. பணியைத் திட்டமிடவும் இது வசதியானது; ஆனால் நோயில்லாத ஆண்டில் செலவு வீணாவதுடன், ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பூஞ்சை அதற்கு எதிர்ப்புத்திறன் பெறவும் கூடும்.

வயலைப் பார்த்து முடிவெடுப்பவர், பூக்கும் பருவத்துக்குச் சற்று முன் வயலின் பல இடங்களில் செடிகளின் கீழிலைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நரம்புகளுக்கிடையே அடங்கிய நீள்சதுரப் புள்ளிகள் சாம்பல் இலைப்புள்ளியையும், சுருட்டு வடிவ நீள்புண்கள் டர்சிகம் இலைக்கருகலையும் காட்டும்; இரண்டும் பூஞ்சைநோய்களே. நோய் எளிதில் தாக்கும் ரகத்தில், கதிரிலைக்குக் (கதிர் தோன்றும் கணுவிலுள்ள இலை) கீழுள்ள மூன்றாம் இலையிலோ அதற்கு மேலோ, பாதிச் செடிகளில் புண்கள் தென்பட்டால் தெளிக்கலாம் என்பது பரவலான அளவுகோல். அலையலையான விளிம்புள்ள கோடுகளாயின் அது பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக்கொல்லி பயன்படாது, நாள் பார்த்துத் தெளிப்பவருக்கு இது தெரியவே வராது.

என் தேர்வு இரண்டாவதே. எனினும் முந்தைய பயிரும் மக்காச்சோளமாக இருந்து, அதன் காய்ந்த தட்டைகள் நிலத்தில் கிடந்து, ஈரமான வானிலையும் தொடர்ந்தால், தெளிப்பு தேவைப்படும் வாய்ப்பு மிகுதி.