உப்புத்தண்ணி ஊர்ல எது நல்லது: கேனா, ஆர்ஓவா, மழைத்தண்ணி தொட்டியா?

நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில போர் போட்டா உப்புதான் வரும், அத புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. எங்க வீட்டு போர்ல டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணியில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கற கணக்கு, 1800 கிட்ட காட்டுது. 500 வரைக்கும் நல்ல தண்ணி, வேற தண்ணியே கெடைக்கலன்னா 2000 வரைக்கும் பரவால்லன்னு இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் சொல்லுது. ஆனா இந்த தண்ணியில பருப்பு வேகவே வேகாது.

கேன் சுலபம், விசேஷ வீட்டுக்கு சரி. எங்க ரொப்புறாங்கன்னு யாருக்கு தெரியும்? கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் ருசி நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க தெருவுக்கு என்னைக்கு வரும்னு குழாய்க்கே தெரியாது.

நெஜமான போட்டி ஆர்ஓவுக்கும் மழைத்தண்ணி தொட்டிக்கும்தான். நாங்க தொட்டி கட்டிட்டோம், அதனால என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். ஆர்ஓ உப்ப எடுக்குது, அதுல சந்தேகமே இல்ல. வாங்குற வெலயும் பெரிசு இல்ல, அதுக்கப்புறம் ஆகுற பராமரிப்புதான் வெவகாரம். இவ்ளோ கடினமான தண்ணிய விட்டா மெம்பரேன்ல, அதான் உப்ப வடிக்கிற சவ்வுல, சுண்ணாம்பு படிஞ்சு சீக்கிரமே அடைச்சிரும், ஃபில்டர், கார்பன், மெம்பரேன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு செலவு, சர்வீஸ்காரர் டவுன்லேர்ந்து வரணும், அவர் இன்னைக்கு நாளைக்குன்னு இழுப்பார். இது போக ஒரு கொடம் நல்ல தண்ணிக்கு மூணு கொடம் கழிவா போகுது, அது இன்னும் உப்பு, வாழைக்கு விட்டா வாழை கருகிரும். கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர்ல நாள்கணக்கா கரண்டே இல்ல, மிஷின் வெச்சிருந்தவங்களும் கொடத்த தூக்கிட்டு அலஞ்சாங்க.

தொட்டிக்கு கணக்கு ரொம்ப சுலபம். 1000 சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர், 1 மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஐப்பசி கார்த்திகையில 100 மில்லிமீட்டர் கொட்டுனா 9000 லிட்டர் கிட்ட, சிந்துறது செதறுறது போனாலும் நாலு பேர் குடிக்க சமைக்க ஒரு நாளைக்கு 25 லிட்டர்னு வெச்சா பத்து மாசம் ஓடும். வேலைன்னு பாத்தா மழைக்கு முன்னாடி மாடிய தேச்சு கழுவணும், மொத மழைய உள்ள விடாம வால்வ தெறந்து வெளிய தள்ளணும், குழாய் வாயில பழைய வேட்டித்துணிய ரெண்டா மடிச்சு கட்டணும், அந்த துணியில நிக்கிற காக்கா எச்சத்தையும் எலைச்சருகையும் பாத்தா ஏன்னு புரிஞ்சிரும். மூடி இறுக்கமா இல்லன்னா கொசு முட்டையிட்டுரும்.

டிடிஎஸ் மீட்டர் கிருமிய காட்டாது, அதனால நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கெல்லாம் எப்புடி வரும்னு எனக்கு அனுபவம் இல்ல. மழை பொய்ச்ச வருஷம் தொட்டி மட்டும் போதாது, அப்ப கேனோ குழாயோ வேணும்.

வாடகை வீட்டுல இருக்கறவங்க தொட்டி கட்ட முடியாது, அவங்களுக்கு ஆர்ஓதான். அதுக்கும் மொதல்ல தண்ணிய அளந்து பாருங்க, உங்க குழாய் தண்ணி 500க்கு கீழன்னா ஆர்ஓ தண்டம், வெளிச்சத்தால கிருமிய கொல்ற யூவி மிஷின் போதும்.