ஒரே பெல்ஜியன் பீர் பப்பில் ஏழு வருடம்

பெல்ஜியன் பாணியில் நடத்தப்படும் ஒரு பீர் பப்புக்கு ஏழு வருடமாகப் போய்வருகிறேன். மாதத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தாலே நூற்றைம்பதைத் தாண்டிவிடும். பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்களில் சிலர் எனக்கு வேண்டியவர்களும்கூட. தவிர, நான் பார்த்ததில் பாதி எந்த ஊர் பெல்ஜியன் பப்புக்கும் பொருந்தும்.

முதல் நாள் நினைவில் நிற்பதற்குக் காரணம் கிளாஸ்தான். கவுண்டரில் இருந்தவர் நான் வழக்கமாக என்ன குடிப்பேன் என்று கேட்டுவிட்டு டூவெல் என்ற பெல்ஜியன் பீர் பாட்டில் ஒன்றை எடுத்தார். டூலிப் பூவைப் போல வயிறு அகன்ற கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, மெதுவாக ஊற்றினார். அடியில் ஒரு விரல் அளவு கலங்கல் வந்ததும் நிறுத்திவிட்டார். 330 மில்லி பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு பெரிய கிளாஸ் என்று கேட்டேன். நுரைக்கும் இடம் வேண்டாமா என்றார். கிளாஸின் அடிப்பகுதியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ‘டி’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் குமிழிகள் இடைவிடாமல் மேலே எழும்புகின்றன, அதனால்தான் நுரை கடைசிவரை நிற்கிறது. ஈரமான கிளாஸில் நுரை சீராக எழும், பாட்டில் அடியில் இருப்பது பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட், அதைச் சேர்ப்பதும் சேர்க்காததும் குடிப்பவரின் விருப்பம். ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் சொல்லிக் கொடுத்தார். பீரை யாரும் அதுவரை எனக்கு அப்படிப் பரிமாறியதில்லை.

அடுத்த சில மாதங்களில் அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய. அதில் ஓர்வால் பற்றிய பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர்வால் ஒரு டிராப்பிஸ்ட் பீர். அதாவது துறவிகளின் மடத்துக்குள், அவர்களுடைய மேற்பார்வையில் காய்ச்சப்படுவது. பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற ஒரு வகை ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள். அது பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு மாலை, அடைத்து மூன்று மாதம் ஆன ஒன்றையும் ஒன்றரை வருடம் ஆன ஒன்றையும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தார். புதியதில் ஹாப்ஸ் வாசம் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக இருந்தது, கசப்பும் கூடுதல். பழையதில் கசப்பு அடங்கி, இனிப்பு துளியும் இல்லாமல், பழைய தோல் பையையும் வைக்கோலையும் நினைவூட்டும் ஒரு வாசனை. லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள் என்றார். அன்றிலிருந்து தேதி பார்க்காமல் நான் பாட்டிலைத் திறக்கவிடுவதில்லை.

அதே காலத்தில் நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் கூஸ் என்ற பீரைக் கேட்டார், ஒரு வாய் குடித்தார், கெட்டுப்போய்விட்டது என்று தள்ளி வைத்தார். அங்கிருந்த பணிப்பெண் முகம் சுளிக்கவில்லை. முதலில் தானே ஒரு சொட்டு ருசி பார்த்தார். பாட்டில் சரியாகத்தான் இருக்கிறது, இதன் இயல்பே புளிப்பு என்று சொல்லிவிட்டு விளக்கினார். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் நதிப் பள்ளத்தாக்கில், குளிர் மாதங்களில், காய்ச்சிய தானியச் சாற்றை அகலமான ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் அதில் இறங்கித் தானாகவே நொதிக்கிறது. அதுதான் லாம்பிக். மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் இருந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். சொல்லி முடித்து, வேண்டாமென்றால் இதைக் குடித்துப் பாருங்கள் என்று செர்ரிப் பழம் ஊறிய கிரீக் ஒரு சின்ன கிளாஸில் கொண்டுவந்தார். நண்பர் இன்றைக்குக் கூஸ் பிரியர். அந்தப் பெண்ணின் பொறுமைதான் காரணம்.

மூன்றாவது வருடத்துக்குப் பிறகு பப் பிரபலமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வாசலில் வரிசை. மெனுவில் அறுபதாக இருந்த பீர்கள் இருநூறைத் தொட்டன. எனக்கு அதிலிருந்துதான் கவலை பிடித்தது. பிரஸ்ஸல்ஸின் டெலிரியம் கஃபே 2004-இல் 2,004 வகை பீர் வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது உண்மை. ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குடித்துத் தீர்க்கும் இடம் அது. மற்ற இடங்களில் மெனு நீள நீள, பாதி பாட்டில்கள் அலமாரியிலேயே கிடக்கும். ரோஷ்ஃபோர் 10 போல 11.3 சதவீத ஆல்கஹால் உள்ள கருமையான பீர்கள் வருடக்கணக்கில் தாங்கும், சில நேரம் மேலும் மெருகேறும். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீர் அப்படியல்ல, அதைப் புதிதாகக் குடிக்க வேண்டும். எனக்கு ஒருமுறை வந்த கோதுமை பீரில் ஈரமான அட்டைப் பெட்டியின் வாசனை. லேபிளைத் திருப்பினால் தேதி தாண்டி நான்கு மாதம். இன்னொரு நாள், பளீரென்று விளக்கெரியும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் பச்சை பாட்டில்களை அழகுக்கு அடுக்கியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் இருக்கும் பொருட்கள் சிதைந்து துர்நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சை தடுக்காது.

உண்மையில் மனம் நொந்தது ஐந்தாவது வருடத்தில். வீட்டில் ஒரு பிறந்தநாள், எட்டுப் பேர் போயிருந்தோம். நான் எத்தனையோ பேரிடம் புகழ்ந்து சொன்ன இடம். வெஸ்ட்மல்லே டிரிப்பெல் என்ற பொன்னிறமான, வீரியம் கூடிய பீர் சாதாரண ஜூஸ் கிளாஸில், பல் கூசும் குளிரில், அடி ஈஸ்ட் மொத்தமும் கவிழ்க்கப்பட்டு வந்தது. சரி, கூட்டம் என்று விட்டுவிட்டேன். அடுத்து குழாயில் பிடித்த ஒரு பிளாண்ட், அதாவது வெளிர்பொன்னிற பீர். அதில் வெண்ணெய் வாடை, கூடவே காடி போல ஒரு புளிப்பு. அந்த வகை புளிக்கவே கூடாது. கெக் எனப்படும் பீர் பீப்பாயிலிருந்து குழாய்வரை வரும் லைனைச் சரியாகக் கழுவாமல் விட்டால் பாக்டீரியா படிந்து இப்படி ஆகும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த பணியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பெல்ஜியன் பீர்னா இப்படித்தான் புளிக்கும்” என்றார்.

அந்தப் பதில்தான் என்னை வெகுநாள் உறுத்தியது. சில வருடம் முன்பு இதே கூடத்தில் கூஸைப் பற்றி அந்தப் பணிப்பெண் இதையேதான் சொன்னார், அது உண்மையாக இருந்தது. கலந்து அடைப்பவர் மூன்று வருடம் காத்திருந்து கொண்டுவந்த புளிப்பு அது. இது கழுவாத குழாயின் புளிப்பு. முன்னதின் பெயரைச் சொல்லிப் பின்னதை மறைக்கும்போது, முதன்முதலில் வந்து குடிக்கும் ஒருவர் இரண்டையும் ஒன்றென்று நம்பிவிடுவார். அப்புறம் அவர் வாழ்நாளில் ஒரு நல்ல கூஸைத் தொடமாட்டார். அன்று எங்கள் மேசையில் இருந்த இரண்டு பேருக்கு அதுதான் நடந்தது. இன்னும் அவர்களைச் சம்மதிக்கவைக்க முடியவில்லை.

ஐந்து மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரத்தில் போய் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். வாதம் செய்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் எல்லாக் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து முகர்ந்தார், ருசித்தார். ஒன்றை அங்கேயே மூடிவிட்டார். லைன் கழுவுவது மாதத்துக்கு ஒருமுறையாகத் தேய்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். இப்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகையில் கடைசியாகக் கழுவிய தேதியை எழுதுகிறார்கள். மெனு தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது, எனக்கு அதில் மகிழ்ச்சி. விளக்கு ஃபிரிட்ஜ் இன்னும் இருக்கிறது, பச்சை பாட்டில்கள் மட்டும் இருட்டுக்குப் போய்விட்டன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை இரவுகளில் இன்னும் கிளாஸ் மாறி வருகிறது. கருமையான பீர்களை இன்னும் அதிகக் குளிரில் கொடுக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தால்தான் உலர்திராட்சை, கருகிய சர்க்கரை வாசனைகள் வெளியே வரும். உருளைக்கிழங்கு வறுவலை முன்பெல்லாம் முறைப்படி இரண்டு தடவை பொரித்தார்கள், இப்போது நாளுக்கொரு பதம். மசல் சிப்பி மட்டும் ஏழு வருடமாக மாறவில்லை, செலரியும் வெங்காயமும் வெந்த அந்தச் சாறு அப்படியே இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்கள் மெனுவில் சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வழக்கமான 5 சதவீத பீர் ஒன்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆல்கஹால் 9.5 சதவீத டிரிப்பெல் ஒன்றில் இருக்கிறது. மென்மையாக இறங்குவதால் தெரியாது, எழுந்து நிற்கும்போது தெரியும். நான் இரண்டோடு நிறுத்திவிடுவேன், இடையில் தண்ணீர் குடிப்பேன், வண்டியை எடுத்துப்போகவே மாட்டேன். முடிந்தால் வார நாளில், மாலை தொடங்கும் நேரத்தில் போங்கள். ஊற்றுபவருக்குப் பேச நேரம் இருக்கும்.

போன வாரம் அப்படித்தான் போனேன். எனக்கு முதன்முதலில் டூவெல் ஊற்றியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. கவுண்டரில் இருந்தது சேர்ந்து மூன்று மாதமான ஒரு இளைஞன். கிளாஸை அலசினான், சாய்த்து ஊற்றினான், கடைசி விரலளவு மிஞ்சியதும் நிறுத்தி, “ஈஸ்ட்டையும் சேர்க்கட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம், தனியாக ஒரு சின்ன கிளாஸில் கொடுங்கள் என்றேன். கிளம்பும்போது, அப்போதுதான் வந்திறங்கிய ஓர்வால் பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டில்களின் தேதியைக் காட்டினான். கீழ் அலமாரியின் இருட்டான மூலையில் என் பெயரை எழுதி ஒட்டி நிற்கவைத்திருக்கிறான். ஒன்றை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், ஒன்றரை வருடம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.